சேறு படாத ஒன்பதாம் எண்

1

ஒரு பந்தாட்டத்தைக்கூட நான் பார்த்ததில்லை. ஏழு வருடமாகத் துவைத்து வருகிறேன்.

திங்கட்கிழமை காலையில் சாக்கு வரும். அதில் சனிக்கிழமை ஆடிய பதினொரு பேருடைய ஜெர்சிகளும் கால்சட்டைகளும் காலுறைகளும் இருக்கும். சாக்கைக் கல்மேல் கவிழ்த்ததும் ஆட்டம் என் முன்னால் விரிந்துவிடும். கோல் காவலரின் இரண்டு முழங்கையிலும் புல்லின் பச்சை ஏறியிருந்தால் அன்று பந்து எங்கள் பக்கமே கிடந்திருக்கிறது. பின்வரிசைக்காரரின் முதுகில் பூட்ஸ் தடம் இருந்தால் கீழே விழுந்தவரை யாரோ மிதித்திருக்கிறார்கள். அக்குளில் உப்புப் பூத்திருந்தால் அந்த மனிதர் கடைசிவரை ஓடியிருக்கிறார். மைதானத்துக்குப் போகச் சொல்லி எல்லோரும் கூப்பிடுவார்கள். கூட்டம் என்றால் எனக்குக் கூச்சம். கூச்சல் என்றால் அதைவிட. துணி கூச்சல் போடாது, பொய்யும் சொல்லாது.

இன்றோடு நான் இந்த நாட்டில் கால் வைத்து இருபத்து நான்கு வருடம். ஊரிலிருந்து வரும் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும்: மலாயாவில் வேலை லேசு, சம்பளம் கனம் என்கிறார்களே, நிஜமா? இத்தனை காலமும் இல்லை என்றே எழுதி வந்தேன். இந்த வருடம் பதிலை மாற்ற வேண்டியிருக்கிறது. நிஜம்தான். இங்கே வேலை செய்யாமலே சம்பளம் வாங்கலாம். அதற்குப் பந்து உதைக்கத் தெரிந்திருக்க வேண்டும். இப்போது தெரிய வேண்டும் என்றுகூட இல்லை, முன்பு எப்போதோ தெரிந்திருந்தால் போதும்.

2

நாங்கள் இருப்பது மலாக்கா நகரத்தை ஒட்டிய காஜா பேராங். வீட்டுக்குப் பின்னால் கிணறும் நான்கு துவைகல்லும் கொடிகளும் இருக்கின்றன. முன்னால் இஸ்திரி மேசை. இங்கே எனக்குப் பெயர் டோபி. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது என் மனைவி தனலட்சுமி ஒருத்திதான், அதுவும் கோபம் வந்தால்.

சாக்கை அனுப்புவது ஓர் இலாகா. குழாய் போடுகிற இலாகா என்று மட்டும் தெரிந்தால் போதும், பெயர் வேண்டாம். சுதந்திரத்துக்குப் பிறகு அதன் தலைமை நாற்காலியிலிருந்து வெள்ளைக்காரர் எழுந்து போனார், உள்ளூர்க்காரர் உட்கார்ந்தார். பெரிய துவான், அதாவது பெரிய துரை என்ற பட்டம் மட்டும் நாற்காலியோடு தங்கிவிட்டது. புதிய பெரிய துவானுக்குக் குழாயைவிடப் பந்தின் மேல் பிரியம் அதிகம். ஊரில் பாதி வீடுகளுக்குத் தெருமுனையில்தான் தண்ணீர். ஆனால் இலாகாவின் பந்தாட்டக் குழு கோப்பை வாங்கியாக வேண்டும்.

இங்கே ஒரு நாகரிகம் இருக்கிறது. ஆட்டக்காரனுக்கு ஆட்டத்துக்காகக் காசு கொடுத்தால் அது இழிவு. ஆகவே அவனுக்கு வேலை கொடுப்பார்கள், அந்த வேலையை அவன் செய்ய வேண்டியதில்லை. ஆடுவதற்குக் கூலி கொடுக்க வெட்கப்பட்டு, செய்யாத வேலைக்குக் கூலி கொடுக்கிறார்கள்.

என் மகன் செல்வராஜு அதே இலாகாவில் நாள்கூலி. நான்கு வருடமாகக் குழாய்க்குழி தோண்டுகிறான். அவனும் ஆட்டக்காரன்தான், இடதுபுற ஓரத்தில் பதினொன்றாம் எண். உள்ளூர்க்காரன் என்பதால் அவன் சும்மா ஆடலாம். மழை பெய்தால் குழி வேலை நின்றுவிடும், கூலியும் நின்றுவிடும். ஆட்டம் மட்டும் மழையிலும் நடக்கும்.

இந்த வருடத் தொடக்கத்தில் சாமான் கிடங்கில் இருந்த முதியவர் ஓய்வு பெற்றார். நிரந்தர வேலை, மாதச் சம்பளம், குடியிருக்க இலாகா வீடு. காத்திருந்தவர்கள் பட்டியலில் செல்வராஜுவின் பெயர் முதலாவது. தெங்கேராவில் அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண்ணின் தகப்பனாரும் நிரந்தரம் என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இரண்டு வருடமாகக் காத்திருந்தார். நாள்கூலிக்காரனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நிரந்தரம் ஆகட்டும், தேதி பார்க்கலாம் என்று ஒவ்வொரு முறையும் காப்பி கொடுத்து அனுப்பினார்.

அந்த வேலை ஞானமணிக்குப் போனது.

3

ஞானமணி வடக்கேயிருந்து வந்தவன். தமிழ்ப் பிள்ளை. ஆறேழு வருடத்துக்கு முன் பத்திரிகையில் வந்த அவன் படம் எங்கள் முடிதிருத்தகத்தில் இன்றும் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. படத்தில் ஒரு கால் தரையில் இல்லை. இப்போது இரண்டு காலும் தரையில்தான் இருக்கின்றன, அசைவதில்லை.

அவன் வந்த அன்று இலாகா லோரியில் மாலை போட்டு அழைத்து வந்தார்கள். நம்மவன் என்று எங்கள் ஆட்களுக்குப் பெருமை. நானும் எட்டிப் பார்த்தேன், மறைப்பானேன். அவனுக்குக் கொடுத்த வீட்டில் சூடு அதிகம் என்றான், காற்றாடி வந்தது. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றான், முட்டையும் பாலும் போயின. காலையில் எட்டு மணிக்குக் கிடங்கில் கையெழுத்துப் போடுவான். எட்டேகாலுக்கு எதிர் காப்பிக்கடையில் இருப்பான். அவனுக்குரிய வேலையை, ஆணி எண்ணுவது, குழாய் எண்ணுவது எல்லாவற்றையும், குழியிலிருந்து ஒருவனைக் கூப்பிட்டுச் செய்ய வைத்தார்கள். அந்த ஒருவன் பெரும்பாலும் செல்வராஜு. நாள்கூலியிலேயே.

இவ்வளவும் கொடுத்த பிறகு பருவம் தொடங்கியது. முதல் ஆட்டம் மூன்று கோலில் தோல்வி. களம் பழகவில்லை என்றான். இரண்டாவதில் நான்கு கோலில் தோல்வி. பந்து சேற்று நீரில் ஊறிக் கனத்துவிட்டது என்றான். எதிரிக்கு வேறு பந்தா கொடுத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. மூன்றாவது தோல்விக்குக் காரணம் பந்தைக் கொண்டுவந்து கொடுக்கத் தெரியாத ஓரத்து ஆட்டக்காரர்களாம். அதாவது என் மகன். நாலாவது தோல்விக்குப் பெரிய துவானே காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார்: நல்ல குதிரை சூடேற நேரமாகும். மரக்குதிரை என்று அவருக்கு யார் சொல்வது?

எனக்குக் காரணம் எதுவும் தேவைப்படவில்லை. நான்கு வாரமும் ஆட்டத்துக்கு முந்தின நாள்வரை மழை. கடற்கரை மைதானத்தின் கறுப்புச் சேற்றில் பத்து ஜெர்சிகள் ஊறி, இன்னது என்று எண்ணைக்கூடப் படிக்க முடியாமல் வந்தன. செல்வராஜுவுடையதை இரண்டு தடவை சோடாவில் வேக வைத்தேன். ஒன்பதாம் எண் மட்டும் நான் மடித்த மடிப்போடு வந்தது. முதல் வாரம் ஆட்டம் சூடுபிடிக்கும் முன்பே அவனை வெளியே எடுத்துவிட்டார்கள் போலும் என்று நினைத்தேன். கேட்டால் முழு ஆட்டமும் நின்றானாம். நின்றான் என்பதுதான் சரியான சொல். முகர்ந்து பார்த்தேன். என் இஸ்திரிப் பெட்டியின் கரிச்சூட்டு வாசனை அப்படியே இருந்தது.

சாக்கைத் தூக்கி வருகிறவர் ராஜு பிள்ளை, குழுவின் சாமான்களைப் பார்த்துக்கொள்பவர். எங்கள் தெருவுக்கு அடுத்த மலாக்கா செட்டிக் குடும்பம். பல தலைமுறைக்கு முன் வந்த தமிழரின் வழி. மாரியம்மனுக்கு எங்களைவிடச் சுத்தமாகப் பூசை செய்வார்கள். பேசுவது மலாய். என்னுடைய மலாய் துவைகல்லைச் சுற்றியே வளர்ந்தது: அழுக்கு, சுத்தம், கறை, நாளை, நாளை மறுநாள். அதை வைத்தே எங்கள் சிநேகம் ஓடுகிறது. அவர் ஒன்பதாம் எண்ணை இரண்டு விரலால் தூக்கிக் காட்டி, "பாஜு பெங்கந்தின்" என்றார். மாப்பிள்ளைச் சட்டை. நாங்கள் இருவரும் சத்தமில்லாமல் சிரித்தோம்.

4

நான் கப்பலேறுமுன் எங்கள் ஊரில் தாலுகா கச்சேரி குமாஸ்தா ஒருவர் இருந்தார். காலையில் வந்து நாற்காலியின் முதுகில் தன் கோட்டை மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். யார் வந்து கேட்டாலும், கோட்டு இருக்கிறதே, இங்கேதான் எங்கேயோ இருப்பார் என்று சேவகன் சொல்வான். மாலையில் வந்து கோட்டை எடுத்துப் போவார். அந்தக் கோட்டு மாதத்துக்கு ஒரு முறை எங்கள் வீட்டுக்கு வெளுப்புக்கு வரும். கழுத்துப்பட்டியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்காது, கையில் மை இருக்காது. முதுகில் மட்டும் நாற்காலிக் கட்டை பதிந்த கோடு.

என் தகப்பனார் அதைத் துவைத்தார். துவைக்க ஒன்றுமில்லை என்று தெரிந்தே, நனைத்துப் பிழிந்து கஞ்சி போட்டு, கூலி வாங்கினார். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் பதினாறு வயது. குமாஸ்தாவின் மேல் வந்ததைவிடத் தகப்பனார் மேல் எனக்கு அதிக வெறுப்பு வந்தது. கப்பலேறியதற்கு வறுமை முதல் காரணம். அந்தக் கோட்டும் ஒரு காரணம்.

5

ஐந்தாவது வாரம் ஆட்டம் சமநிலை. எதிர்க் குழு தானே தன் கோலில் ஒரு பந்தைப் போட்டுக்கொண்டது. பெரிய துவான் ஞானமணியின் முதுகில் தட்டிக் கொடுத்தாராம். திங்கட்கிழமை ஒன்பதாம் எண் மடிப்புக் கலையாமல் வந்தது.

நான் அதைத் துவைக்கவில்லை. தட்டி மடித்து, மற்ற பத்தின் மேல் வைத்து, பட்டியலில் ‘ஜெர்சி பத்து’ என்று எழுதி அனுப்பினேன்.

யாரையும் எதிர்த்துச் செய்ததாக நான் நினைக்கவில்லை. துவைக்காததற்குக் கூலி கேட்கக் கூடாது என்று மட்டும் தோன்றியது. ஆனால் ஓர் இலாகாவுக்கு நேர்மையான பட்டியலைப் போலத் தொல்லை கொடுப்பது வேறு எதுவும் இல்லை. இரண்டாம் நாள் இலாகா குமாஸ்தா, இங்கே கிராணி என்பார்கள், ஆள் அனுப்பினார். கணக்குப் பார்க்கும் கிராணி நல்ல மனிதர்தான். அவருடைய புத்தகத்தில் பதினொன்று என்று அச்சடித்திருக்கிறது. பத்து என்று எழுத இடமில்லை.

"பதினொன்னுன்னு போட்டுத் தொலையேன் டோபி. உனக்குத்தானே லாபம்."

"துவைக்கலைங்க."

"ஏன் துவைக்கலை?"

"அழுக்கு இல்லைங்க."

அவர் புத்தகத்தை மூடினார். பிறகு, அப்படியானால் அதை எழுத்தில் கொடு என்றார். இலாகாவில் எதையும் வாயால் சொன்னால் குற்றம், எழுத்தில் கொடுத்தால் கோப்பு. நான் தமிழில் சொல்ல, அவர் இங்கிலீஷில் எழுதினார்: பருவம் தொடங்கியது முதல் ஒன்பதாம் எண் ஜெர்சியில் வியர்வையோ சேறோ காணப்படவில்லை, ஆகையால் இந்த வாரம் அதற்குக் கூலி கோரவில்லை. கீழே தமிழில் கையெழுத்துப் போட்டேன். போன வருடம் குடியுரிமைக்குப் போனபோதும் தமிழில்தான் போட்டேன். அந்த அதிகாரி மலாயில் கேள்வி கேட்டார். இந்த நாட்டுக்கு நீ என்ன செய்வாய் என்று கேட்டதும், எனக்குத் தெரிந்த மலாய் முழுவதும் ஒன்றுசேர்ந்து, அழுக்கை எடுப்பேன் என்றேன். அவர் சிரித்துவிட்டு முத்திரை குத்தினார். எழுத்தில் கொடுத்துவிட்டு வந்த அன்று, சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குள் ஒரு நினைப்பு.

கோப்பு மேலே போனது. பெரிய துவான் ஞானமணியைக் கூப்பிட்டு ஏன் ஓடவில்லை என்று கேட்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு. இந்தக் கோப்பு தணிக்கைக்காரன் கண்ணில் பட்டால் என்ன ஆவது? உடனே ஒரு படிவம் அச்சாகி வந்தது. இனி ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் ஜெர்சிகளை எண் வாரியாகப் பார்த்து, அழுக்கு, அழுக்கில்லை என்று குறிக்க வேண்டும். ராஜு பிள்ளை ஒரு கையெழுத்து, டோபி ஒரு கையெழுத்து, கிராணி ஒரு கையெழுத்து. ஊரில் குழாய் உடைந்தால் பார்க்க ஆள் இல்லாத இலாகா, சட்டை அழுக்கைப் பார்க்க மூன்று பேரை நியமித்தது.

வீட்டில் புயல் வேறு பக்கத்திலிருந்து வந்தது.

"அப்பா, என் பேரு எங்க இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றான் செல்வராஜு. "அதே துவான் மேசையில. வேலைப் பட்டியல், உங்க லெட்டருக்கு அடியில."

பதிலைத் தனலட்சுமி சொன்னாள், என் பெயரைச் சொல்லியே. இருபத்து நான்கு வருடம் வாயைத் திறக்காத மனுசன், திறந்ததும் பிள்ளையின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டார் என்றாள்.

6

இரண்டு நாள் கழித்து ஞானமணியே வந்தான். இஸ்திரி போட ஒரு கால்சட்டை கொண்டுவந்திருந்தான். பார்த்தால் வெறுக்க முடியாத முகம், சிரித்த கண். நடையில் மட்டும் ஒரு கால் மற்றதைக் கேட்டுக்கொண்டு நடந்தது.

"அண்ணே, என் சட்டைக்குக் கேஸ் போட்ட ஆளு நீங்கதானா?"

கரியை ஊதுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

"தப்பா எடுத்துக்கல. ஆனா ஆட்டம் வேற, துணி வேற. பந்து இருக்கிற இடத்துக்கு ஓடுறவன் கூலி. பந்து வர்ற இடத்துல நிக்கிறவன்தான் ஆட்டக்காரன்."

"அஞ்சு ஆட்டமா அது வரலியே தம்பி" என்றேன். எப்படி வாயில் வந்தது என்று எனக்கே தெரியாது.

அவன் கோபப்படவில்லை. உரக்கச் சிரித்தான். கால்சட்டையின் மடிப்பு கத்திபோல இருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை துவான் வீட்டில் விருந்து என்றான். போகும்போது திரும்பி, "செல்வராஜு நம்ப வீட்டுப் பையனா? நல்லா ஓடுறான்" என்றான். ஓடுகிறவன் யார் என்று இப்போதுதானே சொன்னான்.

7

அடுத்த வாரம் முழுக்க மழை இல்லை. வானம் வெளுத்துக் கிடந்தது. திங்களன்று படிவத்தோடு சாக்கு வந்தது. பத்து ஜெர்சிகளில் காய்ந்த புல்லும் புழுதியும் உப்பும். ஒன்பதாம் எண் மார்பிலிருந்து இடுப்புவரை சேறு.

ராஜு பிள்ளை என் முகத்தைப் பார்க்காமல் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். படிவத்தில் ஒன்பதுக்கு நேரே ‘அழுக்கு’ என்று குறித்துத் தன் கையெழுத்தை ஏற்கெனவே போட்டிருந்தார். சிரிக்கவில்லை. சாக்கை வைத்துவிட்டு உடனே போய்விட்டார்.

கல்லில் விரித்துப் பார்த்தேன். விழுந்து புரண்ட சேறு துணியின் நெசவுக்குள் இழுபடும், ஒரு பக்கமாகச் சாயும். இது ஐந்து விரலால் பூசிய சேறு. விரல் இடைவெளி வரிசையாகத் தெரிந்தது. அக்குள் காய்ந்திருந்தது. முதுகில் ஒரு பொட்டு இல்லை. ஆறு ஆட்டத்தில் முதல் தடவையாக அந்த மனிதன் கையை அசைத்திருக்கிறான், அது தன் சட்டையில் சேறு பூச. பூசுமுன் வானத்தைப் பார்க்கவும் அவனுக்குச் சோம்பல்.

காறித் துப்பலாம் என்று இருந்தேன். அப்போதுதான் நிறம் கண்ணில் பட்டது. மைதானத்து மண் கறுப்பு, கடல் மணல் கலந்தது. இது சிவப்பு, களிமண். விரலால் கிள்ளியபோது உள்ளே ஒரு நார் வந்தது. தார் தோய்த்த சணல். இரும்புக் குழாய்களின் மூட்டில் ஈயம் ஊற்றுமுன் திணிக்கிற சணல். வாரா வாரம் செல்வராஜுவின் காக்கிச் சட்டைப் பையிலிருந்து நான் பொறுக்கி எடுத்துப் போடுகிற சணல். அந்த மாதம் அவர்கள் புக்கிட் பாருவில் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே மண் சிவப்பு.

மாலையில் வேலையிலிருந்து வந்தவனைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டேன். நாரை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன்.

அவன் ஒளிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டே பேசினான்.

"அவருதான் கேட்டாரு. தினம் துவானோட டீ குடிக்கிறவரு. என் பேரை எடுத்துச் சொல்றேன்னாரு."

"அதுக்கு நீ சேறு கொண்டுபோய்க் கொடுத்தியா?"

"ஒரு பால்டி சேறுதானே அப்பா. நாலு வருசமா அந்தச் சேத்துல நிக்கிறேன். ஒரு பால்டி வெளிய போனா என்ன குறைஞ்சிரும்?"

நான் நாரைக் கீழே போட்டேன். அவன் குரல் தாழ்ந்தது. "சைன் பண்ணிக் குடுத்திருங்கப்பா. அழுக்குன்னுதானே போட்டிருக்கு. அழுக்குதானே?"

அழுக்குதான். அதில் பொய் இல்லை. படிவத்தில் எப்படி வந்த அழுக்கு என்று கேட்க இடம் விடவில்லை. இல்லை என்று எழுதினால் ஞானமணிக்கு ஒன்றும் ஆகாது, அவனுக்கு இன்னொரு ஊர் இருக்கும். யாருடைய சேறு என்று விசாரணை வந்தால் குழிவரைக்கும் வந்து நிற்கும். செல்வராஜுவின் பெயர் பட்டியலில் இருக்காது, நாள்கூலியும் இருக்காது. தெங்கேராக்காரர் காப்பிகூடக் கொடுக்க மாட்டார்.

கையெழுத்துப் போட்டேன். பட்டியலில் பதினொன்று என்று எழுதினேன். கிராணிக்கு நிம்மதி. அச்சடித்த இடத்தில் எண் சரியாகப் பொருந்தியது.

ஒன்பதாம் எண்ணைத் துவைக்கத்தான் நேரம் பிடித்தது. செம்மண் வெள்ளைத் துணியில் ஏறினால் முழுதாக விடாது. எலுமிச்சை, சோடா, வெயில், நீலம் எல்லாம் பார்த்தேன். மார்பில் ஒரு மங்கல் நின்றுவிட்டது. தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். தகப்பனாரின் நினைவு வந்தது. அந்தக் கோட்டைப் பிழியும்போது அவர் யாரை நினைத்துக்கொண்டார் என்று அப்போது நான் கேட்டுப் பார்த்ததில்லை. வீட்டில் சாப்பிட ஆறு பேர் இருந்தோம்.

8

அதற்குப் பிறகு சேறு வாரா வாரம் வந்தது. மழை வாரத்தில் கறுப்பு, வெயில் வாரத்தில் சிவப்பு. தோல்வியும் வாரா வாரம் வந்தது. இலாகாக் குழு பந்தயப் புள்ளிப் பட்டியலின் அடியில் போய் உட்கார்ந்தது. பாதிப் பருவத்தில் வடக்கே இன்னொரு குழு ஞானமணியைக் கூப்பிட்டது. சம்பளம் கூடவாம், வேலை இன்னும் குறைவாம். இதைவிடக் குறைப்பது எப்படி என்பது அவர்களுக்குத்தான் வெளிச்சம். லோரியில் மாலை போட்டு அனுப்பி வைத்தார்கள். தோற்கடித்ததற்கு மாலை போடுகிற ஊரை நான் இங்கேதான் பார்த்தேன். முடிதிருத்தகத்துப் படம் அங்கேயே தொங்குகிறது.

ஆனால் அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். எதற்கும் உதவாத மனிதனின் ஒரு வார்த்தை, நான்கு வருட உழைப்பால் முடியாததைச் செய்தது. போன மாதம் செல்வராஜுவுக்கு உத்தரவு வந்தது. கிடங்கு வேலை, நிரந்தரம். அதே நாற்காலி, போன வாரம் போய் உட்கார்ந்தான். அடுத்த பருவத்துக்கு ஒன்பதாம் எண் அவனுக்கு என்று பெரிய துவான் சொல்லியிருக்கிறாராம். தெங்கேராவில் தேதி பார்த்துவிட்டார்கள். தனலட்சுமி என் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

இதை எழுதும்போது அவன் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தான். யாருக்கு என்று கேட்டான். ஊருக்கு என்றேன். என்னைப் பற்றியும் எழுதுங்கள், நிரந்தரம் ஆகிவிட்டது என்று எழுதுங்கள் என்றான். அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில்தான் எதிர்காலம் என்று நானே கொண்டுபோய்ச் சேர்த்தேன். எழுதிவிட்டேன் என்றேன்.

புக்கிட் பாருவில் குழி வேலை இன்னும் முடியவில்லை. கிடங்கில் எண்ண வேண்டியதை எண்ண, குழியிலிருந்து ஒருவனைக் கூப்பிடுகிறார்களாம். புதிதாக வந்தவன், நல்ல பையன், சொன்னதைச் செய்கிறான் என்று செல்வராஜு சாப்பிடும்போது சொன்னான். காப்பிக்கடையில் எந்த மேசையில் காற்று வரும் என்றும் சொன்னான்.

இன்று காலை வீட்டுத் துணிகளை எடுத்தேன். நான்கு வருடமாக அவனுடைய சட்டையைத்தான் முதலில் ஊற வைப்பேன். அது ஊறத்தான் நேரமாகும். இன்று கையில் எடுத்ததும் எடை இல்லாமல் இருந்தது. ஒரு வாரம் போட்ட சட்டை. பையில் நார் இல்லை. கழுத்தில் கோடு இல்லை. மூக்கருகே கொண்டுபோனேன்.

என் இஸ்திரிப் பெட்டியின் வாசனைதான் இருந்தது.